தேரில் ஏறி அமர்ந்த பிலிப்பு



திருத்தூதர் பணிகள் நூலின் 8-ஆம் அதிகாரத்தில், எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் சாலையில் ஒரு தேர் செல்கிறது. தேரில் இருப்பவர் எத்தியோப்பியர்; தம் நாட்டு அரசியின் கருவூலம் முழுவதற்கும் பொறுப்பாளர். எருசலேமில் வழிபட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். கையில் இறைவாக்கினர் எசாயாவின் ஏடு. வாசிக்கத் தெரிகிறது, பொருள் விளங்கவில்லை. தூய ஆவியார் ஏவ, பிலிப்பு ஓடிச்சென்று, வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது விளக்கிச் சொன்னால்தானே புரியும் என்று சொல்லி, அவரைத் தம் அருகில் ஏறி அமர அழைக்கிறார் அந்த அலுவலர்.

படிப்பு, பதவி, வசதி எல்லாம் இருந்தும், அந்நிய மண்ணில் அவருக்கு அருகில் அமர ஓர் ஆள் தேவைப்பட்டது. இதை நாம் இன்று சிந்திப்போம். ஏனெனில், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் இன்று நம் ஊர்க் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் படித்தார்கள். அவர்களுள் நம் திருப்பலிக்கு வருகிறவர்களும் உண்டு.

பாடப் புத்தகத்தைக் கல்லூரி கற்றுக்கொடுக்கும். நம் வாழ்க்கை என்னும் புத்தகத்தை யார் கற்றுக்கொடுப்பது? கடைக்காரரிடம் ஒரு மாணவர் பொருள் கேட்கிறார். கடைக்காரர் தலையை இருபுறமும் ஆட்டுகிறார். நமக்கு அது ‘சரி’. வந்தவருக்கோ அது ‘இல்லை’. வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார். விடைபெறும்போது நாம் ‘போயிட்டு வர்றேன்’ என்கிறோம். ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டவர், நாம் திரும்பி வருவோம் என்று காத்திருக்கிறார். ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் அது நலம் விசாரிப்பு. வந்தவர் அதை விருந்துக்கு அழைப்பு என்று எண்ணலாம். இவற்றை யாரும் பாடமாக நடத்துவதில்லை. நாமே அறியாமல் பேசும் மொழி இது.

நம் ஆலயத்திலும் அப்படித்தான். பல ஊர்களில் காலணியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம் அமர்கிறோம். இது தெரியாமல் ஒரு மாணவி செருப்போடு வந்து ஆண்கள் பக்கம் அமர்ந்துவிட்டால், ஐம்பது கண்கள் அவர்மீது திரும்பும். அந்தப் பார்வை ‘நீ வேறு’ என்று சொல்லும். ஒரு அக்கா எழுந்துபோய், ‘வாம்மா, என் பக்கத்தில் உட்கார்’ என்று கையைப் பிடித்து அழைத்துவந்தால், அது ‘நீ எங்களில் ஒருத்தி’ என்று சொல்லும்.

இன்னும் கசப்பானவையும் உண்டு. தெருவில் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது, கேட்காமலே கைப்பேசியில் படம் எடுப்பது, வீடு காலியாக இருந்தும் ‘இல்லை’ என்று சொல்வது. வீட்டு உரிமையாளர் சிலருக்கு அரசாங்க வேலை பற்றிய பயம். நடைமுறை இதுதான்: 180 நாள்களுக்கு மேல் தங்க மாணவர் விசாவில் வருகிறவர், வந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் தகவல் தர வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே செய்யலாம். நம் பங்கு இளையோர் ஒருவர் அரைமணி நேரம் உடன் உட்கார்ந்தால், வீட்டுக்காரரின் பயமும் தீரும், பிள்ளைக்குத் தங்க ஓர் இடமும் கிடைக்கும்.

‘எங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராதே’ என்று சிலர் தயங்கலாம். புருண்டியிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பலருக்கு, தாய்மொழிக்கும் பிரெஞ்சுக்கும் அப்பால்தான் ஆங்கிலம். அவர்களும் நம்மைப்போலத் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு இலக்கணம் வேண்டாம்.

அன்புக்குரியவர்களே, பிலிப்பு செய்ததைக் கவனியுங்கள். எடுத்ததும் அவர் போதிக்கவில்லை, கேள்வி கேட்டார். அழைத்த பிறகே ஏறினார். அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்த பகுதியிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். இறுதியில் அந்த எத்தியோப்பியர் எத்தியோப்பியராகவே, மகிழ்ச்சியோடு தம் வழியே போனார். புரியவைப்பது வேறு, நம்மைப்போல ஆக்குவது வேறு. வந்த பிள்ளை நம் வழக்கத்தைப் புரிந்துகொள்ளட்டும். தன் வழக்கத்தை இழக்க வேண்டாம்.

ஆகவே நாமும் கேட்போம். கென்யா, தான்சானியா நாட்டு வீடுகளில் மக்காச்சோள மாவில் ‘உகாலி’ கிண்டுவார்கள். நம் களியைப்போலக் கையால் பிட்டுத்தான் சாப்பிடுவார்கள். சுவாகிலி மொழியில் ‘காக்கா’ என்றால் அண்ணன், ‘தாதா’ என்றால் அக்கா. முதலில் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்று அழைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது விளங்கும். ஜூன் 3-ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் உகாண்டா நாட்டவர். அந்த 22 மறைசாட்சிகளை 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதராக உயர்த்தினார். அந்த மண்ணின் விசுவாசம் நம் திருவழிபாட்டு நாள்காட்டியிலேயே இருக்கிறது.

2018-ஆம் ஆண்டின் உலகப் புலம்பெயர்ந்தோர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் நான்கு சொற்களைத் தந்தார்: வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றுதல், ஒருங்கிணைத்தல். நம் அன்பியங்கள் இவற்றைச் சிறிதாகத் தொடங்கலாம். ஒரு குடும்பம் ஒரு மாணவரை ஏற்கட்டும். கல்லூரி விடுமுறையில் விடுதி வெறிச்சோடும்போது ஒருவேளை உணவு. காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் துணை. கிறிஸ்து பிறப்பு நாளில் அவர்கள் மொழியில் ஒரு பாடல். அவர் கிறிஸ்தவரா என்று கேட்டுவிட்டுத்தான் உதவ வேண்டும் என்பதில்லை.

நம் பிள்ளைகளும் கடல் கடந்து படிக்கப் போகிறார்கள். அங்கே யாராவது அவர்கள் அருகில் அமர வேண்டும் என்று நாம் செபமாலை சொல்கிறோம். அதே செபத்தை எங்கோ ஓர் ஆப்பிரிக்கத் தாயும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஆண்டவர் தரும் பதிலாக நாம் இருப்போம்.

அந்நியரைக் காத்து வழிநடத்தும் இறைவன், நம் இல்லங்களையும் உள்ளங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.