பிள்ளை பெற்றவளின் மனம்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் பிரசவத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கும் காரணங்களுள் தாயின் நோயும் ஒன்று. பிள்ளை பெற்றவள் எழுந்து நடமாடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால், மூத்த மகள்தான் அடுப்புக்கும் தொட்டிலுக்கும், தறியுள்ள வீடாயின் தார் சுற்றவும் நின்றுவிடுகிறாள்.

பிரசவித்த சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவதுண்டு; பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தானே அடங்கிவிடும். அடங்காமல், உறக்கமும் பசியும் போய், பிள்ளைமேல் பற்றும் அற்று, 'நான் இருந்தென்ன' என்ற எண்ணம் எழுமாயின் அது நோய். நாமோ காற்றுச் சேட்டை என்று வேப்பிலை அடிக்கிறோம். அல்லது 'ஊரில் இவள் ஒருத்திதான் பெற்றாளா?' என்று கேட்கிறோம். வேப்பிலையைவிட அந்தக் கேள்வி கொடியது.

காஞ்சிக்கு மேற்கே, வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்து ஊர்களில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்திற்குப் பின்னும் தொடர்ந்து கண்டு, கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பக் காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்குத் துணையின்மை ஆகியவை அவர்களிடம் மிகுந்திருந்தன. இவற்றுள் எது அவளுடைய குணக்கேடு?

இதனைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. எடின்பரோவில் 1987இல் வகுத்த பத்துக் கேள்விகள் உள்ளன. அவற்றின் தமிழ் வடிவத்தையும் 2005இல் சோதித்திருக்கிறார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் தாயிடம் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டுவிடலாம். குழந்தையை நிறுத்துப் பார்க்கிறோம். தாயைக் கேட்பார் அரியர். எழுத்தறியாதவளுக்குப் படித்துச் சொல்ல நம் சங்கத்தில் பயின்ற பெண்கள் இருக்கிறார்கள். மாமியார் அருகில் இருக்கும்போது மட்டும் கேட்கலாகாது!

பாகிஸ்தானின் சிற்றூர்களில், மருத்துவரல்லாத உள்ளூர்ச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடு சென்று பேசவைத்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் அந்நோய் நீடித்தது அவர்களில் நூற்றுக்கு 23 பேரிடம். அப்பயிற்சி பெறாத ஊழியர்கள் சென்ற தாய்மாரில் 53 பேரிடம். ஆறுதலும் ஒரு மருத்துவமே. மருந்து வேண்டியவர்க்கு, பால் கொடுக்கும் காலத்திலும் ஏற்ற மருந்துகள் உண்டு. மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்தலாகாது.

யாருமற்ற குரல் கேட்கிறது என்றோ, பிள்ளையை ஏதேனும் செய்துவிடுவேன் என்றோ ஒரு தாய் சொன்னால், அவளைத் தனியே விடாது அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனத்துயருக்கு ஆலோசனை கூற, 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை.