முதல் காட்சியில் நிற்பது யார்?

(ராதாபுரத்தில் குறும்படம் எடுக்க முனைந்துள்ள மாணவர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



உங்கள் கதையைப் படித்தேன். முருங்கைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் தாய், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கம்மலை அடகு வைக்கிறாள். நல்ல கதை, நம் ஊர்க் கதை. ஆனால் ஆரம்பம்? காற்றாலைகளுக்கு மேலே கேமரா பறக்கிறது. புழுதி கிளம்புகிறது. கதாநாயகன் மெல்ல மெல்ல நடந்து வருகிறான். "எங்களுக்குப் பிடிச்ச படத்துல இப்படித்தான் அண்ணாச்சி வரும்" என்கிறீர்கள். பிடித்திருப்பதில் குற்றமில்லை. டெண்டுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து விசிலடித்தவன்தான் நானும். ஆனால் அந்தத் தாய் எங்கே? கம்மல் எங்கே?

சினிமா பிறந்த கதையைப் பாருங்கள். 1895 டிசம்பர் 28 அன்று பாரீஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். முதலில் ஓடியது எது? லியோன் நகரில் அவர்களுடைய ஆலையிலிருந்து தொழிலாளிகள் வெளியே வரும் காட்சி. பெரும்பாலோர் பெண்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதையே மூன்று விதமாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் கேமரா முதலாளியுடையது. வாசல் தெரிகிறது, உள்ளே நடக்கும் வேலை தெரியவில்லை.

"சோகமாக ஆரம்பித்தால் யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். சாப்ளின் 1936-ல் எடுத்த 'மாடர்ன் டைம்ஸ்' ஓர் ஆட்டு மந்தையோடு தொடங்குகிறது. மறுகணம், அதேபோல் நெருக்கியடித்து வேலைக்குப் போகும் தொழிலாளர் கூட்டம். சிரிப்பும் வருகிறது, சுருக்கென்றும் தைக்கிறது.

உங்கள் கதைக்கு நெருங்கிய உறவு இத்தாலியில் இருக்கிறது. டிசிகா 1948-ல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. வேலை கேட்டு ஒரு கூட்டம் நிற்கிறது. ரிச்சி என்று பெயர் கூப்பிடுகிறார்கள். அவன் நம்பிக்கையற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். ஒருவன் ஓடிப்போய் அழைத்து வருகிறான். சுவரொட்டி ஒட்டும் வேலை, சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில். மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்கிறாள். கடைக்காரன் அந்த மூட்டையோடு உயரமான அடுக்கில் ஏறுகிறான். அங்கே குவிந்திருப்பதெல்லாம் ஊராரின் விரிப்புகள்! ஒரு வீட்டுக் கஷ்டம் ஒரு நகரத்தின் கஷ்டமாகிவிட்டது. ஒரு வசனமும் தேவைப்படவில்லை. ரிச்சியாக நடித்த மாஜியோரானி நிஜமான ஆலைத் தொழிலாளி. படம் முடிந்து ஆலைக்குத் திரும்பியவருக்குப் பிறகு அந்த வேலையும் போயிற்று.

இந்தப் படத்தை 1950-ல் லண்டனில் பார்த்துத்தான் சத்யஜித் ராய்க்கு உறுதி பிறந்தது. அவர் சைக்கிளையா எடுத்துக்கொண்டார்? 1955-ல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யின் தொடக்கத்தில் சிறுமி துர்கா தோப்பில் பழம் எடுக்கிறாள். அண்டை வீட்டுக்காரி ஏசுகிறாள். கடனுக்காகக் கைமாறிய தோப்பு அது. ராய் எடுத்துக்கொண்டது பார்வையை. பொருள் வங்காளத்துக் கிராமத்துடையது.

அவ்வளவு தூரம் போவானேன்? மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-ல் வந்தது. வேட்டை நாய்களைக் குளிப்பாட்டுகிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கருப்பி என்ற நாய் ரயில் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கிடக்கிறது. நீரும் நாயும் தண்டவாளமும் நெல்லைச் சீமையில் எல்லோரும் கண்டவைதான். சட்டக் கல்லூரிக்குப் போகிற மாணவனின் கதை முழுவதும் அந்தத் தொடக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. தயவுசெய்து, அதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஒரு நாயைத் தண்டவாளத்தில் கட்டிவிடாதீர்கள்!

என் யோசனை இதுதான். விடியலில் கூலிப் பெண்கள் வேனுக்குக் காத்து நிற்கும் இடத்தில் தொடங்குங்கள். காற்றாலை பின்னால் சுழலட்டும். அதுவும் நம் ஊர்தானே. நடிக்கப்போவது நம் தாய்மார்கள். ஒரு நாள் படப்பிடிப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பறக்கும் கேமரா வாடகைக்கென்று ஒதுக்கிய பணத்தை முதலில் அந்தக் கூலிக்கு எடுத்து வையுங்கள்.

நாளைக் காலை கேமரா இல்லாமல் போய் நில்லுங்கள். யார் முதலில் வருகிறார், தூக்குச்சட்டியை எங்கே வைக்கிறார், மேஸ்திரி எப்படித் தலை எண்ணுகிறான் என்று பாருங்கள். கம்மல் போட்ட காது எத்தனை, ஈர்க்குச்சி செருகிய காது எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.