படிவத்தின் விதியும் வடிவமும்

அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே நிகழும் தொடர்பில் பெரும்பகுதி படிவங்களின் வாயிலாகவே நடைபெறுகிறது. ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, வருமான வரி, நிலப் பதிவு ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் முதற்படி ஒரு படிவத்தை நிரப்புவதே ஆகும். திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருப்பினும், படிவம் தவறாக அமைந்துவிட்டால் அதன் பயன் உரியவரைச் சென்றடைவதில்லை. ஆகவே, இணையத்தில் படிவங்களை அமைக்கும் முறை பொறியாளர்களுக்கு மட்டும் உரிய நுட்பச் செய்தி அன்று. நிர்வாகத்தில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

காகிதப் படிவத்தில் இரண்டு கூறுகள் ஒன்றாகக் கலந்திருந்தன. எவற்றைக் கேட்பது, எவற்றைக் கட்டாயமாக்குவது என்பது விதி. அவற்றை எந்த வரிசையில், எந்த மொழியில், எவ்வளவு பெரிய கட்டத்தில் காட்டுவது என்பது வடிவம். அச்சேறிய பின்னர் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. எனினும், மேசைக்கு அப்பால் ஓர் எழுத்தர் இருந்தார். கட்டத்தில் அடங்காத பெயரை ஓரத்தில் எழுத அவர் இடமளிக்க முடிந்தது. பிறந்த நாள் அறியாத முதியவரிடம் ஆண்டை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள முடிந்தது. கணிப்பொறிக்கு அத்தகைய விவேகம் கிடையாது. முன்கூட்டி எழுதி வைத்த விதிக்கு உட்பட்டதை அது ஏற்கும், உட்படாததைத் தள்ளிவிடும். எனவே அவ்விதியை எழுதுவோரின் பொறுப்பு முன்னிலும் பன்மடங்கு கூடியுள்ளது.

விவரங்களுக்குப் பெயரிடும் முறை

இணையத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியை வெளியிட்டது. ஒரு விவரத்தின் முன்னும் பின்னும் அதன் பெயரைக் குறியாக இடுவதே இம்முறையின் சாரம். எடுத்துக்காட்டாக, புது டெல்லியின் அஞ்சல் குறியீட்டைப் பின்வருமாறு எழுதலாம்:

<அஞ்சல்குறியீடு>110001</அஞ்சல்குறியீடு>

குறிகளுக்குத் தமிழ் முதலிய மொழிகளின் எழுத்துகளிலேயே பெயரிடவும் இத்தரம் இடமளிக்கிறது. இவ்வாறு எழுதப்பட்ட விவரத்தை மனிதரும் படிக்கலாம். எந்நிறுவனத்தின் மென்பொருளும் படிக்கலாம். ஆயினும், பெயரிட்டுவிட்டதாலேயே விவரம் முறையானது என்று ஆகிவிடாது. அஞ்சல் குறியீடு என்ற குறிக்குள் ஒருவர் ஐந்து இலக்கங்களை மட்டும் எழுதிவிடக்கூடும். இதைத் தடுப்பதற்காகவே ஸ்கீமா எனப்படும் விதித்தொகுப்பு தோன்றியது. எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவின் முதற்பதிப்பு 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் தரமாக ஏற்கப்பட்டது.

விதித்தொகுப்பின் பணி

ஒரு விவரம் எண்ணா, எழுத்தா, தேதியா என்பதை ஸ்கீமா வரையறுக்கிறது. அது எத்தனை முறை வரலாம், வராமல் இருக்கலாமா என்பதைக் கூறுகிறது. ஏற்கத்தக்க விடைகளின் பட்டியலைத் தருகிறது. எழுத்துகளும் இலக்கங்களும் வரவேண்டிய ஒழுங்கையும் விதிக்கிறது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீடு ஆறு இலக்கங்களைக் கொண்டது. முதல் இலக்கம் சுழியாக இராது. வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண், அதாவது பான், பத்து இடங்களைக் கொண்டது. முதல் ஐந்தும் ஆங்கில எழுத்துகள். அடுத்த நான்கும் இலக்கங்கள். இறுதியில் ஓர் எழுத்து. நான்காம் இடத்தில் 'பி' என்றிருந்தால் அது தனிநபரையும், 'சி' என்றிருந்தால் நிறுமத்தையும் குறிக்கும். இவ்விதிகள் ஒவ்வொன்றையும் ஸ்கீமாவில் ஓரிரு வரிகளில் எழுதிவிடலாம்.

இம்முறையின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். பான் எண்ணின் ஒழுங்கு சரியா என்பதை ஸ்கீமா சொல்லும்; அந்த எண் உண்மையில் ஒருவருக்கு வழங்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. அதற்குத் துறையின் பதிவேட்டை நாட வேண்டும். தொடங்கிய நாள் முடிந்த நாளுக்கு முற்பட்டதா என்பது போல இரு விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி முதற்பதிப்பில் இல்லை. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த 1.1 பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது.

நடைத்தாளின் பணி

விதிக்கு உட்பட்ட விவரத்தைக் கண்ணுக்குப் புலப்படும் வடிவத்தில் அமைத்துத் தருவது ஸ்டைல்ஷீட் எனப்படும் நடைத்தாள். இதற்கான எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் உருமாற்ற மொழி 1999-ஆம் ஆண்டு நவம்பரில் தரமாயிற்று. ஒரே விவரத்தைக் குடிமகனுக்குப் படிவமாகவும், அலுவலருக்குப் பட்டியலாகவும், அச்சுக்கு ஒப்புகைச் சீட்டாகவும் இதனால் காட்ட முடியும்.

தேதியை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே அமையும். இந்தியாவில் நாளை முதலில் எழுதுவதே வழக்கம். 03-04-2024 என்று எழுதினால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்ற ஐயம் அயலாருக்கு எழலாம். சேமிப்பில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரே வரிசையை வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் நாளை முன்வைத்துக் காட்டுவது நடைத்தாளின் வேலை. தொகையும் அவ்வாறே. சேமிப்பில் 1234567 என்று இருப்பதை இலட்சக் கணக்கின்படி 12,34,567 என்று காட்டலாம்.

மொழியைப் பொறுத்தவரை இப்பிரிவினையின் பயன் மிகப் பெரிது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் உருது போன்றவை வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. விதியும் வடிவமும் கலந்து எழுதப்பட்டிருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் படிவம் செய்ய நேரிடும். ஒரு விதி மாறினால் 22 இடங்களிலும் திருத்த வேண்டிவரும். ஓரிடத்தில் திருத்தம் விடுபட்டால், ஒரு மொழியில் ஏற்கப்படும் விண்ணப்பம் மற்றொரு மொழியில் தள்ளப்படும். விதி ஒன்றாகவும் நடைத்தாள்கள் பலவாகவும் இருக்குமாயின் இவ்விடர் எழாது. பார்வையற்றோர் திரைபடிக்கும் மென்பொருளின் துணையால் படிவத்தை நிரப்புவதற்கும் நடைத்தாளே வழிசெய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டத்தோடும் அதன் பெயர் இணைந்திருத்தல் வேண்டும். பிழையைச் சிவப்பு வண்ணத்தால் மட்டும் உணர்த்துதல் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொழில்நுட்ப வசதிகள் அவர்களும் அணுகத்தக்கவையாக அமைய வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

கருவிகள் மாறின, கொள்கை நின்றது

இக்கொள்கையின் அடிப்படையில் உருவான கருவிகள் பல. 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்னும் தரம் வெளிவந்தது. விவரத்தின் அமைப்பையும் திரையின் அமைப்பையும் அது வெளிப்படையாகவே பிரித்தது. ஆயினும் பெரிய உலாவிகள் அதைத் தம்முள் ஏற்கவில்லை. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்ஃபோபாத் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஸ்கீமாவையும் நடைத்தாள்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துப் படிவமாக்குவது அதன் முறை. அதன் புதிய பதிப்புகள் இனி வாரா என்று 2014-இல் அறிவிக்கப்பட்டது. உலாவிக்குள் எக்ஸ்.எஸ்.எல்.டி. இயங்கும் வசதியைப் பாதுகாப்பு கருதி நீக்கப்போவதாக குரோம் உலாவியை உருவாக்குவோர் 2025-இல் அறிவித்தனர். உருமாற்றத்தை உலாவியில் செய்யாமல் வழங்கிக் கணிப்பொறியிலேயே செய்து அனுப்புவது இதற்கு மாற்று வழியாகும்.

இந்தியாவின் அனுபவமும் இத்தகையதே. வருமான வரி விவர அறிக்கைகளை இணையத்தில் செலுத்தும் முறை வந்தபோது, அவை எக்ஸ்.எம்.எல். கோப்புகளாகவே பெறப்பட்டன. துறை தன் ஸ்கீமாவை வெளியிட்டதால், தனியார் மென்பொருள் செய்வோரும் அதற்கேற்ப அறிக்கைகளை ஆக்கித் தர முடிந்தது. நிறுமங்கள் நிதிநிலை அறிக்கைகளை எக்ஸ்.பி.ஆர்.எல். முறையில் அளிக்கும் ஏற்பாடு 2011-இல் தொடங்கிற்று, அதுவும் எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவின் மேல் எழுந்ததே. 2021-22 மதிப்பீட்டு ஆண்டு முதல் வரி அறிக்கைகளுக்கு எக்ஸ்.எம்.எல். கைவிடப்பட்டு ஜேசன் என்னும் வேறொரு குறியமைப்பு வந்தது. சரக்கு, சேவை வரியின் கீழ் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணு விலைப்பட்டியலும் ஜேசன் முறையையே பின்பற்றியது. குறியமைப்பு மாறியது, ஆனால் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட ஸ்கீமாவின் தேவை மாறவில்லை. மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே: கற்கும் கருவி பத்தாண்டுகளில் மறையலாம், விதியையும் வடிவத்தையும் பிரிக்கும் கொள்கை நிலைத்திருக்கும்.

கட்டாயம் என்ற சொல்லின் எடை

நடைத்தாளில் ஏற்படும் பிழை பார்வைக்கு இடையூறு செய்யும். ஸ்கீமாவில் ஏற்படும் பிழையோ ஒருவரையே வெளியில் நிறுத்திவிடும். பெயரையே பார்க்கலாம். பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்கள் அமைத்து, குடும்பப்பெயரைக் கட்டாயமாக்குவது பல படிவங்களில் காணப்படும் வழக்கம். தென்னாட்டில் கோடிக்கணக்கானோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஒரே பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும்தான் உண்டு. அவர்கள் ஓரிடத்தில் தந்தையின் முழுப்பெயரை எழுதுகின்றனர். வேறோரிடத்தில் தலைப்பெழுத்தை எழுதுகின்றனர். மற்றோரிடத்தில் தம் பெயரையே இருமுறை எழுதுகின்றனர். பின்னர் இரண்டு ஆவணங்களும் ஒத்துவரவில்லை என்று அலைக்கழிக்கப்படுபவரும் அவர்களே. முழுப்பெயர் என்ற ஒரே கட்டத்தைக் கட்டாயமாக்கி, ஏனைய பகுதிகளை விருப்பமாக்கினால் இத்தொல்லை பெரிதும் குறையும். ஸ்கீமாவில் இதற்குத் தேவைப்படுவது சில சொற்களின் மாற்றமே.

பிறந்த தேதியும் இவ்வாறே. நாளும் மாதமும் அறியாத முதியோர் பலர், கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்பதற்காக ஜனவரி 1 என்று எழுதிவைக்கின்றனர். அதனால் இல்லாத ஒரு துல்லியம் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் ஆண்டை மட்டும் குறிப்பதற்கென்றே தனி வகை ஒன்று உண்டு. முழுத் தேதி அல்லது ஆண்டு மட்டும் என்று விதி எழுதினால், அறிந்ததை மட்டும் உண்மையாக எழுத வழி பிறக்கும்.

இத்தகைய மாற்றங்களை நிர்வாகம் செய்ததற்குச் சான்றுகள் உள்ளன. திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்டோரின் பாலின அடையாளத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பான் விண்ணப்பத்தில் அவர்களுக்கெனத் தனி விடை 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில், உரிமை சட்டத்தில் இருந்தது, படிவத்தில் இல்லை. அதே 2018-இல் டிசம்பர் 5 முதல், தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைகள் பான் விண்ணப்பத்தில் தந்தையின் பெயரைக் கட்டாயமாகத் தர வேண்டியதில்லை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கணிப்பொறியின் பார்வையில் முன்னது ஒரு பட்டியலில் சேர்ந்த ஒரு சொல். பின்னது கட்டாயம் என்பது விருப்பம் என மாறிய ஒரு மாற்றம். ஆனால் அவற்றால் விண்ணப்பிக்கும் வாய்ப்புப் பெற்றோருக்கு அவை சிறியன அல்ல.

அலுவலர்கள் செய்யத்தக்கவை

ஸ்கீமாவை மென்பொருள் ஒப்பந்தக்காரரிடம் முற்றிலுமாக விட்டுவிடுதல் கூடாது. எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் ஒவ்வொரு விதியின் அருகிலும் விளக்கக் குறிப்பு எழுத இடமுண்டு. கட்டாயம் எனக் குறிக்கப்படும் ஒவ்வொரு விவரத்துக்கும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதைக் கோருகிறது என்று அக்குறிப்பில் எழுதுமாறு துறைகள் பணிக்கலாம். பிரிவைக் காட்ட முடியாத விவரம் கட்டாயமாக இருத்தல் தகாது. பதிப்பு எண்ணும் நடைமுறைக்கு வரும் நாளும் ஸ்கீமாவில் இடம்பெற வேண்டும். உலாவியில் நடக்கும் சரிபார்ப்பை எவரும் மீறிச் செல்லக்கூடும் என்பதால், வழங்கிக் கணிப்பொறியிலும் அதே ஸ்கீமாவைக் கொண்டு மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பிழைச் செய்திகள் நடைத்தாளின் பக்கம் அமைந்து, விண்ணப்பிப்பவரின் மொழியில் பேச வேண்டும். 'தவறான விவரம்' என்று மட்டும் கூறுவதால் பயனில்லை. 'அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கங்கள் வேண்டும். ஐந்து மட்டுமே உள்ளன' என்று கூறினால் அவரே திருத்திக்கொள்வார். படிவத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருமுன், ஒரே பெயர் உடையவர், பிறந்த நாள் அறியாதவர், கதவு எண் இல்லாத வீட்டில் வாழ்பவர், பார்வையற்றவர் ஆகியோரைக் கொண்டு அதை நிரப்பிப் பார்த்தல் வேண்டும். அவர்களால் நிரப்ப முடிந்த படிவத்தை ஏனையோரும் எளிதில் நிரப்புவர். முன்பு எழுத்தர் காட்டிய விவேகத்தை இன்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டியுள்ளது. அதனை எழுதும் கடமை துறை அலுவலர்களையும், நாளை அப்பணியை ஏற்கவிருக்கும் மாணவர்களையும் சார்ந்ததாகும்.