இரவும் ஓர் அருட்கொடையே!

இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்யும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

இந்தக் கோடையில் பெரும் காற்றுடன் மழை பெய்து, ஊர் முழுவதும் மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று இஷா தொழுகைக்குப் பின் நானும் என் எட்டு வயது மகனும் பள்ளிவாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவன் என் ஜிப்பாவைப் பிடித்து இழுத்து, "அத்தா! மையவாடியிலே நெருப்பு!" என்று அலறினான். திரும்பிப் பார்த்தேன். ஈரப் புல்லுக்கு மேலே நான்கைந்து பச்சைப் புள்ளிகள் ஒளிர்வதும் அணைவதுமாக மிதந்துகொண்டிருந்தன. அவை மின்மினிப் பூச்சிகள்.

மலையடிவாரத்து ஊரில் பிறந்து வளரும் ஒரு பிள்ளை, எட்டு வயது வரை மின்மினியைக் கண்டதே இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நன்னி வீட்டுத் திண்ணை

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் என் நன்னியின் வீடு இருந்தது. கோடை விடுமுறை முழுவதும் அங்கேதான் கழியும். மஃரிப் தொழுதுவிட்டு மத்ரஸாவில் ஓதி முடித்து வெளியே வந்தால், வாய்க்கால் கரையும் புளியமரமும் மின்மினிகளால் நிறைந்திருக்கும். முதல் சாரல் விழுந்து மண் நனைந்துவிட்டால் அவற்றை எண்ணி மாளாது. வானத்து நட்சத்திரங்களில் பாதி கீழே இறங்கிவிட்டனவோ என்று தோன்றும்.

நாங்கள் தொப்பியைக் கழற்றி வீசிப் பிடிப்போம். பிடித்ததைக் கைகளுக்குள் பொத்தி வைத்தால், விரல் இடுக்குகளில் வெளிச்சம் கசியும். ஆனால் சூடு இராது. விளக்கென்றால் சுடும் என்று மட்டுமே அறிந்திருந்த எங்களுக்கு அது தீராத வியப்பாக இருந்தது.

ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் இருபதுக்கும் மேற்பட்ட மின்மினிகளை அடைத்து, மூடியை இறுக்கி, தங்கையின் தலைமாட்டில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உறங்கிப் போனாள். ஸுப்ஹு நேரத்தில் எழுந்து பார்த்தால், பாட்டிலின் அடியில் கறுத்த பூச்சிகள் குவியலாகச் செத்துக் கிடந்தன. தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். நன்னி என்னை அடிக்கவில்லை. பாட்டிலை என் கையில் கொடுத்து, "இதுகளும் அல்லாஹ்வைத் தஸ்பீஹு செய்யிற படைப்புத்தானேப்பா? இருபது தஸ்பீஹை நிறுத்திப்புட்டியே" என்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி கூறிய சொல்லின் ஆழம், பிற்காலத்தில் மத்ரஸாவில் தஃப்ஸீர் ஓதும்போதுதான் எனக்கு விளங்கியது. வானங்களிலும் பூமியிலும் உள்ள அனைத்தும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன, ஆனால் அந்தத் துதியை நாம்தான் உணர்வதில்லை என்பது திருமறையின் 17:44 வசனம் உணர்த்தும் கருத்தாகும்.

சுடாத விளக்கு

சகோதரர்களே! இந்தச் சிறு பூச்சியின் படைப்பைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். அதன் வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்னும் ஒரு பொருள் இருக்கிறது. அது லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையால் ஆக்ஸிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. நம் பழைய குண்டு பல்புகளில் செலவான மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணானது. மின்மினியின் விளக்கிலோ, கை உணரும் அளவுக்குச் சூடில்லை.

அந்த ஒளி வீண் அலங்காரமும் அன்று. அதுவே அவற்றின் பேச்சு. ஆண் பூச்சி பறந்தவாறு மின்னும். புல்லில் அமர்ந்திருக்கும் பெண் பூச்சி பதில் மின்னும். ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனி இடைவெளி, தனித்தனி தாளம். உலகில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன. நம் ஆனைமலைக் காடுகளில் 2022 ஆம் ஆண்டுக் கோடையில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து, ஒரே நேரத்தில் அணைந்த காட்சியைப் பத்திரிகைகளில் கண்டோம். ஸுப்ஹானல்லாஹ்!

நாம் காணும் இந்தப் பறக்கும் வாழ்வு சில வாரங்களே. அதற்கு முன் மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கு மேலாகவும், அது புழுவாக ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆக, மண்ணின் ஈரமும் இரவின் இருளும் அதற்கு இன்றியமையாதவை. அவ்விரண்டையும் நாம் பறித்துவிட்டோம். வாழிடம் அழிதல், செயற்கை வெளிச்சம், பூச்சிமருந்து ஆகியவையே உலகெங்கும் மின்மினிகளுக்குப் பேராபத்து என்று 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. வெளிச்சம் கூடிய இடத்தில் ஆண் பூச்சியின் அழைப்பு பெண் பூச்சிக்குத் தெரிவதில்லை. அழைப்பும் பதிலும் அற்றுப்போனால் சந்ததியும் அற்றுப்போகும்.

என் பங்கு

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே மிம்பரில் நின்று, பள்ளிவாசலைச் சுற்றி ஃபோகஸ் விளக்குகள் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். நீங்களும் தாராளமாக வழங்கினீர்கள். மையவாடி, ஹவுள், பின்புறத் தோப்பு என எட்டு விளக்குகள் பொருத்தினோம். இரவு முழுவதும் அவை எரிகின்றன. பள்ளிவாசல் ஜொலிக்கிறது என்று மகிழ்ந்தேன். மையவாடியில் மின்மினிகள் காணாமற்போனதை நான் கவனிக்கவே இல்லை. மின்சாரம் போன ஓர் இரவுதான், எஞ்சியிருந்த நான்கைந்தை என் மகனுக்குக் காட்டியது.

பகலை அல்லாஹ் மறுமை நாள் வரை நீடித்திருக்கச் செய்துவிட்டால், நீங்கள் இளைப்பாறுவதற்கு ஓர் இரவைக் கொண்டுவர அவனையன்றி யார் இருக்கிறார்கள் என்ற பொருளில் திருமறை 28:72 நம்மிடம் கேட்கிறது. அல்லாஹ் அளித்த இரவை நாமே விரட்டிக்கொண்டிருக்கிறோம். உறங்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதைப் புகாரியில் காண்கிறோம். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடலாம் என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். காரணம் வேறாயினும், தேவை முடிந்த பின் விளக்கு எரிய வேண்டியதில்லை என்ற பாடம் அதில் இல்லையா? யாரும் இல்லாத இடத்தில் விடியும் வரை எரியும் விளக்கு வீண்விரயம் அல்லவா?

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அன்றிரவு என் மகன் பயம் தெளிந்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அத்தா, ஒரு பாட்டில் தாங்க!" என்றான். என் தங்கை அழுத முகம் என் கண்முன் வந்தது. ஆனாலும் 'தொடாதே' என்று சொல்ல மனம் வரவில்லை. குருவி வளர்த்த அபூஉமைர் என்ற சிறுவரிடம், அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குழந்தைக்கும் சிற்றுயிருக்கும் உள்ள நேசத்தை அவர்கள் தடுக்கவில்லை. அதே நபியவர்கள், பயணமொன்றில் குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப் பறவையைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

எனவே ஒரு மின்மினியை மெதுவாகப் பிடித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அது இருமுறை மின்னிவிட்டுப் பறந்து போனது. "வீட்டுக்குப் போகுது" என்றான். பாட்டிலை அவன் மறுபடியும் கேட்கவில்லை.

ஜமாஅத்தார்களே! முத்தவல்லி அவர்களின் அனுமதியோடு உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இஷாவுக்கு வந்தவர்கள் வீடு திரும்பியதும், வாசல் விளக்கும் ஹவுள் விளக்கும் தவிர மற்றவற்றை மோதினார் அணைத்துவிடட்டும். ஸுப்ஹு பாங்குக்கு முன் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, மையவாடியின் புல்லுக்கு மருந்தடிப்பதை நிறுத்தி, ஆட்களைக் கொண்டு அறுப்போம். மூன்றாவது, உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் மாடியிலும் வீணாக எரியும் விளக்கை அணைத்துவிட்டு, செல்போனையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்து, உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் இருளில் நில்லுங்கள். இருளில் பேயிருக்கிறது என்று அச்சுறுத்தாதீர்கள். அங்கே அல்லாஹ்வின் அத்தாட்சி இருக்கிறது என்று காட்டுங்கள்.

மறுமை நாளில் முஃமின்களின் ஒளி அவர்களுக்கு முன்னே விரைந்து செல்லும் என்றும், நயவஞ்சகர்கள் அந்த ஒளியிலிருந்து சிறிதேனும் கிடைக்காதா என்று கெஞ்சுவார்கள் என்றும் ஸூரா அல்ஹதீத் எடுத்துரைக்கிறது. அன்று இரவல் வெளிச்சம் உதவாது. ஒரு சிறு பூச்சி தனக்குத் தரப்பட்ட ஒளியைச் சுமந்துகொண்டு இருளில் செல்கிறது. நாம் எதைச் சுமந்து செல்லப் போகிறோம்?

யா அல்லாஹ்! நீ படைத்த எந்த உயிருக்கும் தீங்கிழைக்காத கைகளை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக! நீ தந்த இரவை மதிக்கும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் கப்றுகளை உன் ஒளியால் நிரப்புவாயாக! ஆமீன்.