தலையில் அடிபட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது



மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ, மரத்திலிருந்து தவறியோ தலையில் பலத்த அடிபட்ட பிள்ளை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிற்று என்று புத்தகப் பையை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம்.

சில நாட்களில் புகார் வருகிறது. பாடத்தில் கவனமில்லை, சொன்னது நினைவில் நிற்பதில்லை, தொட்டதற்கெல்லாம் சினம், நண்பகலுக்குள் மேசைமீது தலை சாய்ந்துவிடுகிறது. 'சோம்பேறி' என்று நாம் ஏசுகிறோம். சில வேளை கையும் ஓங்குகிறோம். இது பெருந்தவறு.

கத்தி ஆழப் பதிந்த ரப்பர் மரத்தை நாம் அறிவோம். மேலே பட்டை மூடினாலும் உள்ளே முண்டும் முடிச்சுமாக இருக்கும். புதுப்பட்டை முற்றும்வரை அதில் நாம் கத்தி வைப்பதில்லை. மரத்திற்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா? களைப்பு, தலைவலி, மறதி, இரைச்சலைத் தாங்காமை ஆகியவை அடிபட்ட மூளையின் அடையாளங்கள், குணக்கேடு அல்ல. அடி இலேசானதாயின் பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரங்களில் தேறிவிடுவர். கடுமையானதாயின் மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஆகவே, பள்ளிக்கு அனுப்புமுன் தலைமையாசிரியரை நேரில் கண்டு நடந்ததைக் கூறுவோம். மருத்துவரின் கடிதத்தையும் கொடுப்போம். முதலில் அரைநாள் படிப்பு, இடையிடையே ஓய்வு, முன்வரிசையில் இடம், சோதனையில் கூடுதல் நேரம் ஆகியவற்றைக் கேட்போம். வீட்டில் நேரத்தோடு உறங்கச் செய்வோம். செய்ய வேண்டியவற்றை ஒரு சிறு புத்தகத்தில் எழுதி வைக்கப் பழக்குவோம். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மறுபரிசோதனையைத் தவறவிடலாகாது.

மருத்துவர் அனுமதிக்கும்வரை பந்தாட்டமும் மரமேறுதலும் வேண்டாம். ஆறாத மூளைக்கு மற்றோர் அடி பேராபத்து. மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிவது நம் நாட்டில் 1973 முதல் சட்டம். பின்னால் அமரும் பிள்ளைக்கும் அளவான கவசம் வேண்டும். அடிபட்ட பிள்ளைக்கு அடிக்கடி வாந்தி, வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம் கண்டால் அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.

குறை நீடித்தால், சிறப்புக் கல்வி வகுப்பைப் பற்றிப் பள்ளியிலும், உடற்குறையுற்றோர் பதிவைப் பற்றிச் சமூக நல இலாகாவிலும் விசாரிப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்போல் விரைந்து ஓடாவிட்டாலும், பிள்ளை தன் நடையில் முன்னேறும். அந்த நடைக்கு நாம் துணை நிற்போம்.