நம் தடத்தை நாமே கணக்குப் போடுவோம்

(கழக்கூட்டத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பகுதியில் எங்கே குப்பை கிடந்தாலும் முதல் விரல் நம் லைன் வீடுகளை நோக்கித்தான் நீளுகிறது. "பாண்டிகள் வந்து ஊரைக் கெடுத்தார்கள்" என்ற பேச்சை நம் பிள்ளைகளும் கேட்டு வருகிறார்கள். கோபப்பட்டு என்ன பயன்? குற்றச்சாட்டு வந்தால் கணக்கைக் காட்ட வேண்டும். ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஒரு மனிதன் வாழ எவ்வளவு நிலமும் நீரும் செலவாகிறது என்று அளக்கும் முறையை 1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ், மத்தீஸ் வாக்கர்நாகல் என்ற இருவர் வகுத்தார்கள். அதைச் சூழல் தடம் என்கிறோம். அதில் ஒரு பகுதி கரித்தடம். அதாவது நம் வாழ்க்கையால் காற்றில் சேரும் கரியமிலவாயுவின் எடை. அதை வீட்டிலேயே கணக்கிடலாம்.

பென்சில் எடுங்கள். நாலு பேர் உள்ள குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதக் கரண்டு பில்லில் 120 யூனிட் என்றால் மாதம் 60. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் விளைவது. யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வாயு. ஆக 42 கிலோ. சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ வாயு. சிலிண்டர் இரண்டு மாதம் வந்தால், மாதத்துக்கு 21 கிலோ. பைக்குக்கு 6 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 14 கிலோ. மொத்தம் மாதம் 77 கிலோ, வருஷம் 924 கிலோ. தலைக்கு 231 கிலோ.

இது அடுப்பு, விளக்கு, வண்டிக் கணக்கு மட்டுமே. அரிசி, துணி, ஊர்ப் பயணம் சேர்ந்தால் கூடும். ஆலைகள் எல்லாம் சேர்த்து இந்தியாவில் தலைக்குச் சுமார் 2 டன். அமெரிக்காவில் சுமார் 14 டன். எரிபொருள் விற்ற பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனியே 2000-களில் "உங்கள் கரித்தடம் என்ன?" என்று மக்களைக் கேட்டு விளம்பரம் செய்தது! பதில் சொல்வோம், கேட்டவரின் கணக்கையும் கேட்போம்.

1990-இல் டெக்னோபார்க் வந்தபின் இங்கே எத்தனை கட்டடங்கள் எழுந்தன! சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே கரியமிலவாயு கிளம்புகிறது. அந்தக் கணக்கு மூட்டை சுமந்த தோளில் ஏறாது. கட்டடத்தை அனுபவிக்கிறவர் பேரில்தான் ஏறும்.

தடம் எங்கே போய் விழுகிறது என்றும் பாருங்கள். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அத்தனையும் அவர் போட்ட குப்பையா? அதே வருஷம் டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். கைதானவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். கூலிக்குக் கொட்டினாலும் கேடு கேடுதான்.

நம் பக்கக் குறையையும் சொல்லிவிடுவோம். செம்புக்காக ஒயரை எரிக்கிறோம். சாயங்காலம் பிளாஸ்டிக் கவர்களைக் கொளுத்துகிறோம். கரித்தடக் கணக்கில் இது சிறிய தொகை; ஆனால் அந்த நஞ்சுப் புகை முதலில் இறங்குவது நம் குழந்தைகளின் நெஞ்சில். ஒயரைக் கத்தியால் உரித்தால் நேரம் பிடிக்கும்; செம்பு கிடைக்கும், புகை வராது. இன்றே நிறுத்துவோம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். கரண்டு, கேஸ், பெட்ரோல், குப்பை நான்கையும் மூன்று மாதம் எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகள் கூட்டிக் கொடுக்கட்டும். அந்தக் கணக்கோடு வார்டு கவுன்சிலரைப் பார்ப்போம். ஒவ்வொரு லைனுக்கும் முறையாகக் குப்பை எடுக்கும் ஏற்பாடு வேண்டும், கழிவுநீர்த் தொட்டி வேண்டும் என்று மனுக் கொடுப்போம். வெறுங்கையோடு போனால் கெஞ்ச வேண்டும். கணக்கோடு போனால் நிமிர்ந்து பேசலாம்.