அனுமதிச் சீட்டு உரிமையாகாது
(திருகோணமலைக் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலுக்கு உறுதி உண்டு. கடலுக்கு உறுதி இல்லை. வயலுக்கு வரம்பு உண்டு. கடலுக்கு வரம்பு இல்லை. அதனால் கடலோடிக்கு உரிமையே இல்லை என்று கூறிவிடலாமா? புல்மோட்டை முதல் வெருகல் வரை, கரைவலைப் பாடு எது, முதலில் இறங்கும் வலை எது, அடுத்த முறை யாருடையது என்பதையெல்லாம் நம் முன்னோர் வழக்கத்தாலேயே வகுத்து வைத்தனர்.

ஆனால், எழுதப்படாத வழக்கம் அதிகாரத்தின் முன் நிற்பதில்லை. போர்க்காலத்தில் தமது சொந்தக் கடலில் இறங்குவதற்கே நம் மக்கள் அனுமதிச் சீட்டுக்குக் காத்து நின்றனர். இரவுத் தொழில் தடைப்பட்டது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் நிலமும் கரையும் 2007இல் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடக்கப்பட்டன. கொடுத்தவன் எடுத்துக்கொள்ளக்கூடியது சலுகை. எடுப்பவன் நியாயம் காட்ட வேண்டியது உரிமை. நாம் கேட்பது இரண்டாவதை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம், விதிக்கப்பட்ட மீன்பிடி முறைகளுக்கு அனுமதிப்பத்திரத்தை வேண்டுகிறது. அரசியலமைப்பின் 14(1)(எ) பிரிவு காப்பது 'சட்டபூர்வமான' தொழிலை மட்டுமே. ஓர் ஒழுங்குவிதி ஒரு வலையைச் சட்டவிரோதமாக்கினால், அப்பிரிவின் காவல் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

காட்டை நம்பியோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மூதூர், வெருகல் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்கள் தேனெடுத்தும் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. எனினும் பிரகடனம் நாட்டுச் சட்டமாகிவிடாது.

கனடாவிலே ஒரு வழக்கு. மஸ்குயம் பழங்குடியைச் சேர்ந்த ஸ்பாரோ என்பவர், 25 பாகம் வலைக்கே அனுமதி இருக்க, 45 பாகம் வலை விரித்தார் என்று 1984இல் குற்றஞ்சாட்டப்பட்டார். 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையை வகுத்தது: முதலில் வளப் பாதுகாப்பு; அடுத்து அப்பழங்குடியினரின் உணவுக்கான மீன்பிடி; வணிகமும் பொழுதுபோக்கும் அதற்குப் பின். அவ்வரிசைக்கு ஆதாரம், 1982இல் அந்நாட்டு அரசியலமைப்பில் எழுதப்பட்ட ஒரு வாசகம். இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய எல்லாக் கடற்றொழிலாளருக்கும் அத்தகைய வரிசையைச் சட்டத்திலே எழுதுக என்று கேட்கிறோம்.

வளப் பாதுகாப்பை முதலில் வைப்பதை நாம் மனமார ஏற்கிறோம். இழுவைமடித் தொழிலை 2017இல் தடைசெய்த சட்டத்தை வரவேற்றோம். அதே வாயால், வெடி வைத்து மீன் பிடிப்போருக்காகப் பரிந்து பேச முடியாது. குஞ்சையும் முட்டையையும் அழிப்பவன் நம் ஊரவனாயினும், நம் உரிமைக்கே உலை வைப்பவன்.

உழவர் பெருமக்களே! 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்கீழ், உங்கள் கூட்டம் தீர்மானித்த விதைப்புக் காலம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. உழவரின் கூட்டுத் தீர்மானத்துக்குச் சட்டம் தலைவணங்குமாயின், கடலோடியின் தீர்மானத்துக்கு ஏன் வணங்கலாகாது? 1996ஆம் ஆண்டுச் சட்டமே மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளுக்கும் கடற்றொழிற் குழுக்களுக்கும் இடமளிக்கிறது. அந்த வாசல் திறந்திருக்கிறது. நாம் உள்ளே செல்ல வேண்டும். கொட்டியாரக் குடாவிலும், நிலாவெளியிலும், குச்சவெளியிலும் குழுக்களை அமைப்போம். ஒவ்வொரு பாட்டின் எல்லையையும் முறையையும், முதியவர்கள் இருக்கும்போதே எழுதிக் கையொப்பமிட்டு வைப்போம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நாட 126ஆம் பிரிவு தரும் தவணை ஒரு மாதமே. அன்று சாட்சியம் தேடி ஓடினால் காலம் கடந்துவிடும்.

நீதிமன்றம் கேட்கப்போவது நம் கண்ணீரை அன்று, சான்றை. அதை இன்றே ஆயத்தம் செய்வோம்.